கருவுற்ற காலத்தில் பூஞ்சைத் தொற்று: அறிகுறிகளை அறிதல்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைக்குத் தெற்கே அமைந்துள்ளது அட்டப்பாடி. அகளி, புதூர், ஷோளையூர் ஆகிய ஊராட்சிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 190 ஊர்களில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். 2013ஆம் ஆண்டில் இங்கு நேர்ந்த பச்சிளங் குழந்தைகளின் மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. அதன் பின்னர்த் தாய்மாரின் எடையும் இரத்தச் சோகையும் ஊட்டச்சத்தும் கூர்ந்து கவனிக்கப்படலாயின. இவற்றைக் கருவிகள் கொண்டு அளந்துவிடலாம். தாய் வாய்விட்டுச் சொன்னாலன்றி வெளிப்படாத தொல்லைகளும் உள்ளன. பிறப்புவழியில் தோன்றும் பூஞ்சைத் தொற்று அவற்றுள் ஒன்று.

காரணம்

கேண்டிடா என்னும் பூஞ்சை பலர் உடலில் இயல்பாகவே சிறிதளவு இருப்பதாகும். கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு மிகுவதால், பிறப்புவழித் திசுக்களில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு கூடுகிறது. பூஞ்சை பெருக அது இடமளிக்கிறது. நீரிழிவு நோயும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் இதற்குத் துணை செய்கின்றன. ஆகவே, இத்தொற்றை ஒழுக்கத்தோடு இணைத்துப் பேசுதல் தவறாகும்.

அறிகுறிகள்

கர்ப்பிணிகளுக்கு மெல்லிய, பால் போன்ற, நாற்றமற்ற வெள்ளைப்படுதல் மிகுவது இயல்பே. அது நோயன்று. பூஞ்சைத் தொற்றில் அரிப்பு முதன்மையான அறிகுறி. எரிச்சல், சிவந்து வீங்குதல், சிறுநீர் பட்டால் எரிதல், தயிர்க்கட்டி போன்ற கெட்டியான வெள்ளை ஆகியன உடன் காணப்படலாம். பெரும்பாலும் நாற்றம் இராது.

மீன் நாற்றம், சாம்பல் அல்லது பச்சை நிறம், நுரை ஆகியவை வேறு தொற்றுகளைக் குறிக்கும். நீர் கசிதல், இரத்தப் போக்கு, காய்ச்சல், அடிவயிற்று வலி ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீர் கசிவது பனிக்குடம் உடைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

சிகிச்சை

பூஞ்சைத் தொற்று பொதுவாகக் கருவைப் பாதிப்பதில்லை. எனினும், அதைப் போலத் தோன்றும் வேறு நோய்கள் குறைப்பிரசவத்திற்கு வழிகோலக்கூடும். எனவே பரிசோதனை இன்றியமையாதது. குளோட்ரிமசோல் போன்ற, உள்ளே வைக்கும் மாத்திரை அல்லது களிம்பு வழக்கமாக ஏழு நாட்களுக்கு அளிக்கப்படுகிறது. வாய்வழி உட்கொள்ளும் ஃபுளுகோனசோல் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தாமாக வாங்கி உண்ணலாகாது. தொற்று மீண்டும் மீண்டும் வந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும்.

நிர்வாகத்தின் கடமை

மலையூர்களிலிருந்து அகளிக்கோ கோட்டத்தறை மருத்துவமனைக்கோ ஒருமுறை சென்று வருவது பலருக்கு ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அரிப்புக்காக மட்டும் எவரும் அதற்குத் துணியார். ஆகவே, வழக்கமான பேறுகாலப் பரிசோதனையின்போதே கேட்டறிவது சிக்கனமான வழி. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் பாதுகாப்பான தாய்மை இயக்கத்தின்கீழ், ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் நடைபெறும் பரிசோதனை இதற்கு ஏற்ற வாய்ப்பு. “அரிப்போ எரிச்சலோ உண்டா? வெள்ளைப்படுதல் மாறியுள்ளதா?” என்னும் இரு வினாக்களை, ஆஷா பணியாளரோ செவிலியரோ தாயின் மொழியிலேயே, பிறர் கேளாவண்ணம் கேட்டல் வேண்டும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. தாயின் கூச்சத்தை மதிக்கும் பயிற்சியே தேவை.