சனிக்கோளின் முப்பது ஆண்டு

எங்கள் ஊர் ஒரகடத்திற்கு அருகே உள்ளது. என் அண்ணன் அங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஒப்பந்தம் முடிந்ததென்று நிறுத்திவிட்டார்கள்.

"மகர ராசிடா, ஏழரைச் சனி. படுத்தாம விடுமா?" என்றார் பாட்டி. அண்ணனைச் சனித் தலமான பொழிச்சலூர் அகத்தீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

ஏழரைச் சனி எப்போது முடியும்? திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது. வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் 6 என்றது. பாட்டி பிந்திய நாளையே ஏற்று, அண்ணனுக்குப் பெண் பார்ப்பதை ஓராண்டு தள்ளிவைத்தார். இயற்பியல் மாணவனான எனக்கு அந்த ஓராண்டு உறுத்தியது.

முதலில் 'ஏழரை' எப்படி வந்தது என்று பார்ப்போம். சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர 29.46 ஆண்டுகள் ஆகின்றன. இதை 12 ராசிகளுக்குப் பகிர்ந்தால் ஒரு ராசிக்குச் சுமார் 2½ ஆண்டு. பிறந்த ராசி, அதற்கு முன், பின் ஆக மூன்று ராசிகளுக்கு 7½ ஆண்டு. வியாழனுக்கு ஒரு சுற்று 11.86 ஆண்டு. கும்பகோணத்தில் 2016-இல் நடந்த மகாமகம் மீண்டும் 2028-இல் வருவது இதனால்தான். வெறுங்கண்ணால் வானை நோக்கிய நம் முன்னோரின் பொறுமையை வியக்காமல் இருக்க முடியாது.

புதன் 88 நாளிலும் செவ்வாய் 687 நாளிலும் சுற்றி முடிக்க, சனிக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? தொழிலாளர் பேருந்துகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று ஒரகடத்தை மட்டும் சுற்றி வருகிறது. மற்றொன்று ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், வாலாஜாபாத் வழியாகச் சுற்றி வருகிறது, அதுவும் மெதுவாக! சனியின் நிலையும் இதுவே. அதன் பாதை பூமியின் பாதையைப்போல் சுமார் 9½ மடங்கு நீளம். பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் ஓட, சனி 10 கிலோமீட்டருக்கும் குறைவாகவே ஓடுகிறது. தொலைவு கூடக்கூடச் சூரியனின் ஈர்ப்பு குறைவதே இதற்குக் காரணம்.

கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதியும் இதையே கூறுகிறது. பூமியின் தொலைவை 1 எனக் கொண்டால், தொலைவின் கனம் காலத்தின் வர்க்கத்திற்குச் சமம். சனியின் தொலைவு 9.54, அதன் கனம் சுமார் 868, அதன் வர்க்கமூலம் 29.46.

அப்படியானால் இரண்டு நாள்கள் ஏன்? வானில் எல்லைக்கல் இல்லை. ராசிகளைப் பிரித்தவர்கள் நாமே. வாக்கியம் பழைய வாய்பாடுகளைப் பின்பற்றுகிறது. திருக்கணிதம் பிற்கால ஆய்வுகளால் திருத்தப்பட்டது. கணக்குகள் இரண்டாயினும் கோள் ஒன்றே. அது யாருக்காகவும் நிற்பதில்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் போட்டு அண்ணனிடம் காட்டினேன். "அப்ப என் வேலை?" என்றார். "அது ஒப்பந்தச் சீட்டில் இருந்த தேதியால் போனது, அண்ணா. சனி சூரியனிலிருந்து 143 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஐ.டி.ஐ. சான்றிதழை எடுத்துக்கொண்டு வேறொரு தொழிற்சாலை வாயிலுக்குப் புறப்பட்டார்.

அந்தச் சனிக்கிழமையும் பாட்டி எள் தீபம் ஏற்றினார். நானும் உடன் சென்றேன். பாட்டியின் நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. ஆனால், நண்பர்களே, ஓர் இளைஞனின் ஓராண்டைத் தள்ளிவைக்கும் முன் ஒருமுறையேனும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.