புலப்படத்தைப் பிழையின்றிப் பார்க்கும் முறை

இராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தை அடுத்த கிராமங்களின் குடியானவர்கள், தங்கள் நிலத்தின் புலப்படத்தைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் பி.டி.எப். கோப்பாகப் பெறலாம். அதனைத் திறந்து காட்டும் மென்பொருளைக் கையாளுங்கால் கவனிக்கத்தக்கவை:

1. படத்தைப் பெரிதாக்கி, எல்லைக்கோடுகளின்மேல் மீட்டரில் குறித்துள்ள எண்களையே வாசிக்கவும். திரைமீது அளவுகோல் வைத்து அளத்தல் கூடாது.

2. அச்சிடுங்கால் ‘தாளுக்குப் பொருத்துதல்’ என்பதை நீக்கி, ‘உண்மை அளவு’ என்பதைத் தெரிந்துகொள்க. 1:1000 அளவுள்ள படத்தில் 50 மீட்டர் வரப்பு 5 சென்டிமீட்டராக இருக்கும். படம் 90 சதவீதமாகச் சுருங்கின் அது 4.5 சென்டிமீட்டராகி, 45 மீட்டரெனத் தோன்றும். இல்லாத 5 மீட்டர் குறைவின்பொருட்டு அண்டை நிலத்தாருடன் வழக்கு மூளும்.

3. ஐயமுண்டாயின், வரப்பைத் தொடுமுன் நில அளவரைக்கொண்டு அளப்பிப்பதே முறையாகும்.