முதலில் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்

காலை பத்து மணி வெயிலில், தோளில் பையோடு கிராம சுகாதார செவிலியர் தெருவுக்குள் வருகிறார். திண்ணையில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார். “மருமக முழுகாம இருக்காளாமே?” என்று கேட்டால், “இப்பத்தானே ஐம்பது நாள் ஆவுது. வயிறு தெரியட்டும் நர்சம்மா, நாங்களே கூட்டியாறோம்” என்று பதில் வருகிறது.

நர்சம்மா போய்விடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் பெண்ணிடம் கேட்கிறார்: “தலைக்கு ஊத்துன நாளைச் சொல்லாத, வந்த முதல் நாளைச் சொல்லு.” பெண் யோசிக்கிறாள். “ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். அதான் நான் ஆத்துக்குப் போகலை.” நோட்டில் ஆகஸ்ட் 2 என்று ஏறுகிறது. ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் மே 9. அந்த வீட்டுக் குழந்தைக்கு முதல் தேதி குறித்தாயிற்று.

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அந்த அளவுக்கு வந்துவிட்ட நாம், கருவின் முதல் மூன்று மாதத்தை மட்டும் இன்னும் மூடி மறைத்துக்கொண்டிருக்கிறோம். நாடு முழுவதும் எடுத்த 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போன தாய்மார்கள் 70 விழுக்காடுதான். மீதிப் பேரைத் தடுப்பதில் வறுமைக்கும் தூரத்துக்கும் பங்கு உண்டு. வீட்டுக்குள் புழங்கும் சில நம்பிக்கைகளுக்கும் பங்கு உண்டு.

நம்பிக்கை: மூன்று மாதம் முடியுமுன் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும், கரு தங்காது.

உண்மை: தொடக்கத்திலேயே கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் நேர்ந்துவிடும் பிழை. யார் கண்ணும் அதற்குக் காரணமில்லை. அந்தத் தாயும் காரணமில்லை. கலைந்த கருவுக்காகத் தன்னையே நொந்துகொண்டு அழும் பெண்களிடம் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் இருப்பதில்தான் இழப்பு. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டுவடமும் ஆகவேண்டிய நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில். அது சரியாக மூட உதவுவது ஃபோலிக் அமிலம். வயிறு தெரிந்த பிறகு கொடுக்கும் மாத்திரை அந்தக் குறையைச் சரிசெய்யாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்குவது உத்தமம். தவறினால், நாள் தள்ளிய உடனே.

நம்பிக்கை: சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும்.

உண்மை: நிறம் பெற்றோர் வழி வருவது. இரும்புச்சத்து மாத்திரை கறுப்பாக்குவது மலத்தை மட்டுமே. அதைப் பார்த்துத்தான் இந்தப் பயம் வந்திருக்க வேண்டும். குங்குமப்பூப் பாலாலும் நிறம் மாறாது.

கர்ப்பத்தில் தாயின் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. அதற்கேற்ப இரும்புச்சத்து வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த நிலையில் இருக்கிறார்கள். ரத்தம் குறைந்த உடம்பு, பிரசவத்தில் ஏற்படும் சாதாரண இழப்பையே தாங்காது. நான்காம் மாதம் முதல் தினம் ஒரு மாத்திரை வீதம் குறைந்தது 180 நாள் போட வேண்டும். டீ, காபியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. எலுமிச்சைச் சாறோடு நன்றாக ஒட்டும். முதல் மாதங்களிலேயே ரத்தத்தைச் சோதித்தால்தான், குறைவைச் சரிசெய்ய நாள் கிடைக்கும்.

நம்பிக்கை: மூத்தது சுகப்பிரசவம். இதுக்கு எதுக்கு இப்பவே ஆஸ்பத்திரி?

உண்மை: ஒவ்வொரு கர்ப்பமும் புதுக் கர்ப்பம்தான். சென்ற முறை இல்லாத சர்க்கரை இந்த முறை வரலாம். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140-ஐத் தொட்டால் கவனம் தேவை. ரத்த அழுத்தமும் அப்படியே. கர்ப்பகால அழுத்த நோய் பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகு தலைகாட்டும். அப்போது ஏறியிருக்கிறதா என்று சொல்ல, முதல் மாதங்களில் எவ்வளவு இருந்தது என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருக்கும் இடம், நர்சம்மா தரும் தாய் சேய் நல அட்டை.

நம்பிக்கை: ஸ்கேன் எடுத்தால் கருவைப் பாதிக்கும்.

உண்மை: ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, ஒலி அலைதான். முதல் மூன்று மாதத்தில் எடுப்பது பிரசவத் தேதியைத் துல்லியமாகச் சொல்லும். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்றும் காட்டும். குழாயில் தங்கிய கருவைக் கவனிக்காமல் விட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை: நாங்க தனியார்ல பாக்குறோம், நர்சம்மா கணக்கு எழுதத்தானே வர்றாங்க.

உண்மை: எங்கே பார்த்தாலும் நர்சம்மாவிடம் பதிவு செய்து, பிக்மி எண் என்னும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள தாய்மார்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அதற்கும் இந்தப் பதிவே வாசல். அவர் எழுதும் கணக்கால்தான், ஊசிக்கு வராதவரைத் தேடி வீட்டுக்கே வர முடிகிறது. காலில் வீக்கம் கண்டவரையும் தலைவலி விடாதவரையும் காலத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிகிறது.

மாமியார்களே, அம்மாக்களே, உங்கள் பயம் பிரியத்தில் பிறந்தது. ஊருக்குச் சொல்ல மனமில்லையென்றால் சொல்ல வேண்டாம், நர்சம்மாவும் சொல்லமாட்டார். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஊரையே கூட்டுங்கள். அதற்கு ஐந்து மாதம் முன்னால், அந்த ஒருவருக்கு மட்டும் சொல்லி அனுப்புங்கள்.