அறுந்த குதிநாண் கத்தியின்றிச் சேருமா?

நம் கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு பிணைப்பது குதிநாண். வலைப்பந்து ஆடுகையில் அது அறுந்தால் யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்! குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையை அமுக்கினால் பாதம் அசையாது.

அறுந்த முனைகள் நெருங்கியிருந்தால் உடலே அவற்றை இணைத்துவிடும். ஆகவே விரல்கள் கீழ்நோக்கும்படி பாதத்தைத் தாழ்த்தி மாவுக்கட்டோ, குதியில் ஆப்புகள் வைத்த காலணியோ அணிவிப்பர். ஆப்புகளை வாரப்போக்கில் ஒவ்வொன்றாக எடுப்பர். சுமார் 8 வாரமாகும். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி.

526 பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியான நார்வே ஆய்வில், ஓராண்டுக்குப்பின் அறுவை செய்தோர்க்கும் செய்யாதோர்க்கும் காலின் பயனில் வேறுபாடில்லை. ஆனால் செய்யாதோரில் நூற்றுக்கு 6 பேருக்கு மீண்டும் அறுந்தது. செய்தோரில் ஒருவருக்கும் குறைவே. நரம்புக்கு ஊறு நேர்ந்ததோ அறுவையில்தான் அதிகம்.

வலி தணிந்ததும் கட்டை அவிழ்த்து ஓட நினைப்போமே, அங்கேதான் ஆபத்து. நாண் நீண்டு ஆறினால் நுனிக்காலில் எழும்ப வலுவிராது.