வெட்டவெளியின் அளவு: விமானத்தள மாதிரிக் காட்சிகளை அமைத்தலும் ஒளிப்படமாக்கலும்

உண்மைப் பொருள்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்த மாதிரிகளை, அவை இருந்த நிலத்தோடும் அங்கு நடமாடிய மனிதரோடும் சேர்த்து ஒரே பலகையின்மீது நிறுத்திக் காட்டும் அமைப்பு டயோராமா எனப்படுகிறது. விமானத்தளத்தை இவ்வாறு அமைக்க முற்படுவோர் தம் உழைப்பின் பெரும்பகுதியை விமானத்திற்கே கொடுத்துவிட்டு, அது நிற்கும் நிலத்தைக் கடைசியில் அவசரமாக முடிப்பது வழக்கமாக இருக்கிறது. இதன் விளைவு ஒளிப்படத்தில்தான் வெளிப்படும். விமானம் குறையின்றி அமைந்திருந்தும், அது ஒரு தளத்தில் நிற்பதாகத் தோன்றாமல் மேசைமேல் வைக்கப்பட்டதாகவே தோன்றும். விமானத்தளம் என்பது அடிப்படையில் வெட்டவெளி. அந்த வெளியின் பரப்பையும் தொலைவையும் காட்ட இயலாத காட்சியில் எத்தனை நுட்பமான விமானமும் தன் இடத்தை இழந்துவிடுகிறது. ஆகவே இக்கலையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த விமானத்தைச் செய்வது என்பதன்று. ஒளிப்படக்கருவி எங்கே நிற்கப்போகிறது என்பதே.

இதனை விளக்க இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்குத் தெற்கே அமைந்துள்ள டக்ஸ்ஃபோர்டு தளம் பொருத்தமான சான்றாகும். முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் கட்டப்பட்ட அத்தளத்திற்குத்தான் 1938 ஆகஸ்டில் அரச விமானப்படையின் முதல் ஸ்பிட்ஃபயர் விமானம் வந்து சேர்ந்து 19ஆம் அணியில் இடம்பெற்றது. இன்று அது இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக விளங்குவதால் நிழற்படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வசதியே ஒரு பொறியாகவும் ஆகிறது. இப்போது அங்குக் காணப்படும் காங்கிரீட் ஓடுபாதை இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே போடப்பட்டது. 1940இல் அங்கு இருந்தது புல்தரை மட்டுமே. மரத்தாலான பெல்ஃபாஸ்ட் வகைக் கூரைத் தாங்கிகளைக் கொண்ட பழைய விமானக் கொட்டகைகளுள் ஒன்று, 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' திரைப்படத்திற்காக 1968இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எனவே இன்றைய படத்தைப் பார்த்து 1940ஆம் ஆண்டின் காட்சியை அமைப்பவர் இல்லாத ஓடுபாதையைச் சேர்த்து, இருந்த கொட்டகையை விட்டுவிட நேரும். எந்த ஆண்டு, எந்தப் பருவம், நாளின் எந்தப் பொழுது என்னும் மூன்றையும் முதலிலேயே எழுதிவைத்துக்கொள்வது பிற்காலத் திருத்தங்கள் பலவற்றைத் தவிர்க்கும்.

அடுத்து வருவது அளவுவிகிதம், அதாவது மாதிரிக்கும் உண்மைக்கும் இடையிலான நீளத் தகவு. விமான மாதிரிகளில் பெருவழக்காக உள்ள 1/72 என்பதில் ஓர் அங்குலம் உண்மையில் ஆறு அடியைக் குறிக்கும். 11.23 மீட்டர் இறக்கை விரிவுடைய ஸ்பிட்ஃபயர் இவ்விகிதத்தில் 15.6 செ.மீ. அளவினதாகிக் கைக்கு அடக்கமாக அமைகிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் நிலம் ஏறத்தாழ 14 மீட்டர் ஆகிவிடுகிறது. 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் கொண்ட பலகை, உண்மையில் 43 மீட்டருக்கு 29 மீட்டர் என்னும் சிறு துண்டு நிலமே. அதில் ஒரு விமானமும் அதன் பணியாளர்களும் தாராளமாக இடம்பெறலாம், இரண்டாவது விமானம் வந்தால் நெரிசல் தொடங்கிவிடும். தளம் முழுவதையும் ஒரு பலகைக்குள் அடக்க விரும்பிக் கொட்டகை, கட்டுப்பாட்டுக் கட்டடம், எரிபொருள் வண்டி, மூன்று விமானங்கள் ஆகியவற்றை அருகருகே நெருக்கி வைத்த காட்சிகள் விமானத்தளத்தின் இயல்பையே மறுப்பவை. ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய வெளியைக் கண்ணின் கணிப்புக்கு விடுவதே சிறந்த வழி.

அவ்வாறு விடப்பட்ட வெளியை நம்பச் செய்வது ஒளிப்படக்கருவியின் நிலையாகும். நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 1/72 உலகில் வில்லையின் மையம் தரைக்கு மேல் 22 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இருபது மீட்டர் தொலைவில் நின்று விமானத்தைக் காண்பவரின் பார்வை வேண்டுமெனில் வில்லைக்கும் மாதிரிக்கும் இடைவெளி சுமார் 28 செ.மீ. ஆக அமைய வேண்டும். பெரிய கருவிகளை இத்தனை தாழ்வாக வைப்பது கடினம் என்பதால் பலர் மேலிருந்து சாய்வாகப் படமெடுத்துவிடுகின்றனர். அப்போது படத்தில் கிடைப்பது தளத்தில் நிற்பவரின் பார்வையன்று, மேசையருகே நிற்பவரின் பார்வை. கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, வில்லை இருக்கும் முனை பலகையைத் தொடுமாறு வைத்தால் வில்லை ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் தானாகவே நின்றுவிடும். எளிய இந்த உத்தி விலையுயர்ந்த கருவிகள் தராத கோணத்தைத் தருகிறது.

தொடுவானம், அதாவது நிலமும் வானும் சந்திப்பதாகத் தோன்றும் கோடு, எப்போதும் காண்பவரின் கண்மட்டத்திலேயே அமையும். சமதரையில் நிற்கும் மனிதர் எத்தனை தொலைவில் இருந்தாலும் அவர்களுடைய தலைகள் ஏறத்தாழ அந்தக் கோட்டின்மேலேயே வரிசையாக அமைவதும், தொலைவு கூடக்கூடக் கால்கள் மட்டும் அக்கோட்டை நோக்கி உயர்வதும் இதனாலேயே. தொலைவைக் காட்டச் சிறிய விகித மாதிரிகளைப் பின்னே நிறுத்தும் வலிந்த தொலைவுணர்வு முறையில் இவ்விதியை மறந்தால் காட்சி உடனே குலைந்துவிடும். எடுத்துக்காட்டாக, 1/144 விகித விமானம் ஒன்றை வில்லையிலிருந்து 50 செ.மீ. தொலைவில் வைத்தால் அது 72 மீட்டருக்கு அப்பால் நிற்பதாகத் தோன்ற வேண்டும். ஆனால் அதனருகே நிற்கும் 1/144 மனிதனின் கண் 11 மி.மீ. உயரத்தில்தான் இருக்கும். பலகை சமமாக இருந்தால் அவன் தலை தொடுவானத்திற்குக் கீழே தங்கிப் பள்ளத்தில் நிற்பவன்போலத் தெரிவான். எனவே அவ்விடத்தில் நிலத்தை 11 மி.மீ. உயர்த்த வேண்டும். 200 மீட்டர் தொலைவிலுள்ள கொட்டகையை வில்லையிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் காட்ட விரும்பினால் அதன் விகிதம் சுமார் 1/286 ஆகி, பத்து மீட்டர் உயரக் கட்டடம் 35 மி.மீ. அட்டை முகப்பாகச் சுருங்கும். அங்குத் தரை 16 மி.மீ. அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், பலகை முன்னிருந்து பின்னோக்கி மெல்ல ஏறும் சரிவாக அமைய வேண்டும். அச்சரிவு படத்தில் சிறிதும் புலப்படாது, சமவெளியாகவே தோன்றும்.

இம்முறை திரைத்துறையில் நெடுங்காலமாக வழங்கி வருவது. 1942இல் வெளிவந்த 'காசாபிளாங்கா' படத்தின் இறுதிக் காட்சியில் விமானநிலையப் பின்புலத்தில் நிற்கும் விமானம் அரங்கிற்குள் அமைக்கப்பட்ட, முழு அளவைவிடச் சிறிய போலி உருவே. அதன் அளவு வெளிப்படாதிருக்கக் குள்ளமான நடிகர்கள் பணியாளர்களாக நிறுத்தப்பட்டதோடு, செயற்கை மூடுபனியும் பரப்பப்பட்டது. மூடுபனி இங்கே அலங்காரம் அன்று. தொலைவிலுள்ள பொருள்களுக்கும் கண்ணுக்கும் இடையே காற்று மிகுதலால் அவை வெளிறியும் நீலம் கலந்தும் தெரிவதை வளிமண்டலத் தொலைவுணர்வு என்பர். மாதிரிக் காட்சியில் அந்தக் காற்று இல்லாததால் அதை வண்ணத்தால் உண்டாக்க வேண்டியிருக்கிறது. பின்வரிசை மாதிரிகளுக்குப் பூசும் வண்ணத்தில் வெள்ளையும் சிறிது நீலச் சாம்பலும் கலந்து, கருநிழல்களை அடியோடு தவிர்ப்பதே அதற்கு வழி.

நிலத்தின் நுணுக்கங்களில் அளவுவிகிதத்தை மறப்பதே மிகுதி. நிலைமின்சாரத்தால் நட்டுக்குத்தாக நிறுத்தப்படும் செயற்கைப் புல் இழைகள் பல நீளங்களில் விற்கப்படுகின்றன. அவற்றுள் 6 மி.மீ. இழை 1/72 விகிதத்தில் 43 செ.மீ. உயரப் புல்லாகிவிடும். விமானங்கள் ஓடும் தரையில் அத்தகைய புல்லுக்கு இடமில்லை, 1 மி.மீ. முதல் 2 மி.மீ. வரையிலான இழைகளே வெட்டிப் பராமரிக்கப்பட்ட புல்தரைக்குப் பொருந்தும், நீண்ட இழைகளை வேலியோரத்திற்கு ஒதுக்கிவிடலாம். ஒரே நிறப் புல்லைப் பரப்புவதைவிட, வைக்கோல் மஞ்சள், மங்கிய பச்சை, பழுப்பு ஆகிய மூன்றையும் ஒழுங்கற்றுக் கலந்து தூவுவது நல்லது. சக்கரங்கள் திரும்பும் இடத்திலும், பணியாளர் நாள்தோறும் நடக்கும் தடத்திலும் புல் தேய்ந்து மண் தெரிய வேண்டும். பெவிகாலை நீரில் கரைத்துப் பூசி இழைகளைத் தூவும்முன், அடிநிலத்திற்கு மண்ணிறம் கொடுத்துவிட்டால் இத்தேய்வுகள் தாமாகவே அமையும். வெள்ளை நுரைப் பலகைமீது நேராகப் புல் ஒட்டியவர்களுக்கு இடைவெளிகளில் வெண்மை தோன்றிக் கண்ணை உறுத்தும்.

தார் அல்லது காங்கிரீட் பரப்பு தேவைப்படும் காட்சிகளில் உப்புத்தாளைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் கரடுமுரடான வகையைத் தேர்ந்துவிடுகின்றனர். 240 எண் உப்புத்தாளின் துகள் 1/72 விகிதத்தில் 4 மி.மீ. கல்லுக்கு இணை என்பதையும், உருளையிட்டு அழுத்தப்பட்ட பரப்பில் கல்லின் மேல்முகம் மட்டுமே தெரியும் என்பதையும் கருதினால் 400 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணே தகும். டக்ஸ்ஃபோர்டில் 1943 முதல் தங்கியிருந்த அமெரிக்க 78ஆம் போர்விமானக் குழுவின் காலத்தைக் காட்ட விரும்புவோர், போரின் பிற்பகுதியில் அங்குப் புல்மீது விரிக்கப்பட்ட துளையிட்ட எஃகுப் பலகைகளை அமைக்க நேரும். பத்தடி நீளமும் பதினைந்து அங்குல அகலமும் உடைய அப்பலகை ஒவ்வொன்றும் 1/72இல் 42 மி.மீ.க்கு 5.3 மி.மீ. ஆகும், அவற்றைச் செங்கல் வரிசைபோல மூட்டு மாற்றி அடுக்குவதும், துளைகளினூடே சேறும் புல்லும் பிதுங்குவதைக் காட்டுவதும் இன்றியமையாதவை.

விமானம் நிலத்தின்மேல் எடையோடு நிற்க வேண்டும். சக்கரத்தின் அடிப்பகுதியைச் சிறிது தேய்த்துத் தட்டையாக்குவதும், புல்லில் அது சற்றே அழுந்துமாறு ஒட்டுவதும் இதற்கு உதவும். மனித உருவங்களின் காலடியில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் அதனூடே ஒளிக்கோடு தெரிந்து, அவை மிதப்பதுபோலக் காட்டிவிடும். நிறுத்தப்பட்ட ஸ்பிட்ஃபயரில் இறக்கையின் பின்மடிப்புகள் தாழ்ந்திருப்பது அரிது, தரையிறங்கியவுடன் அவை உயர்த்தப்பட்டுவிடும். மாறாக மஸ்டாங் விமானத்தில் எஞ்சின் நின்றபின் திரவ அழுத்தம் குறைவதால் பின்மடிப்புகளும் உட்புறச் சக்கரக் கதவுகளும் மெல்லத் தொங்கிவிடும். இத்தகைய நடைமுறைகளை அறிந்து அமைப்பதே அந்த எந்திரங்களோடு வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. காற்றுத்திசைப் பை, கொடி, புகை ஆகிய அனைத்தும் ஒரே திசையைக் காட்ட வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது.

ஒளியைப் பொறுத்தவரை, வெயிலுக்கு நிகரான விளக்கு எதுவும் இல்லை என்றே துணிந்து கூறலாம். விளக்கு அருகில் இருந்தால் பலகையின் ஒரு முனை ஒளிர்ந்து மறுமுனை மங்கும். நிழல்கள் விசிறிபோல் விரியும். சூரியனின் கதிர்கள் இணையாக வருவதால் இவ்விரண்டும் நேர்வதில்லை. அறைக்குள் எடுக்க வேண்டியிருந்தால் ஒரே விளக்கை இயன்றவரை தள்ளி உயரத்தில் வைத்து, நிழற்பகுதியை வெள்ளை அட்டையின் எதிரொளியால் மட்டும் தெளிவாக்க வேண்டும். இரண்டாம் விளக்கு இரண்டாம் நிழலைக் கொண்டுவரும். வெயிலிலும் ஒரு கணக்கு உண்டு. செப்டம்பர் நடுவில் டக்ஸ்ஃபோர்டில் நண்பகல் சூரியன் 41 பாகை உயரத்தில்தான் நிற்கும், டிசம்பரில் அது 15 பாகையைக்கூட எட்டாது. சென்னையின் மொட்டைமாடியில் அதே செப்டம்பர் நண்பகலை உருவாக்க விரும்புவோர் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னரும், டிசம்பர்க் காட்சியை விரும்புவோர் சூரியன் எழுந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும் படமெடுத்தாக வேண்டும்; உச்சிவெயிலில் இறக்கையின் நேர்கீழே சுருங்கிவிழும் நிழல் இங்கிலாந்துக்கு உரியதன்று.

வெட்டவெளியில் எடுப்பதால் மற்றொரு நன்மையும் வாய்க்கிறது. 1/24 விகிதக் கார்களை உண்மையான மரங்களுக்கும் வீடுகளுக்கும் முன்னே மேசையில் நிறுத்தி, 'எல்ஜின் பார்க்' என்னும் கற்பனை ஊரைப் படைத்த அமெரிக்கர் மைக்கேல் பால் ஸ்மித், எளிய சிறு கருவியைக் கொண்டே அதனைச் சாதித்தார். நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள உண்மை மரம் வில்லைக்குத் தரும் கோண அளவும், காட்சிக்குள் நூறு மீட்டர் தொலைவில் இருக்க வேண்டிய மரத்தின் கோண அளவும் ஒன்றே என்பதால் பின்புலத்தைச் சுருக்க வேண்டிய தேவையே இல்லை. பலகையின் பின்விளிம்பைப் புல்லால் மறைத்து, தொலைமரங்களோடு அது இணையும்வரை மேசையின் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். பனையும் தென்னையும் சட்டகத்துக்குள் வராத திசையைத் தேர்வதும் அவ்வளவே முக்கியம்.

புல ஆழம் என்பது ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியும் முன்பின் தூரமாகும். கண்ணருகே வைத்த பொருளில் இது மிகவும் குறுகுவதால், பின்புலம் மங்கிய படத்தைக் கண்டதும் இது சிறிய பொருள் என்று மனம் முடிவுசெய்துவிடுகிறது. வில்லைத் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்குவது ஓரளவே உதவும். அதற்கு மேலும் சுருக்கினால் ஒளி துளையின் விளிம்பில் வளையும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். முன்னிருந்து பின்னாகக் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை மென்பொருளால் இணைக்கும் குவிய அடுக்கு முறையே உறுதியானது. வெளியில் எடுக்கும்போது நிழல் நகர்வதற்கும் புல் இழை அசைவதற்கும் முன் தொடர் முழுவதையும் விரைந்து முடிக்க வேண்டும். காட்சி முற்றுப்பெறும்வரை காத்திராமல் ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வாறு எடுத்துப் பார்ப்பவர், கண்ணுக்குப் புலப்படாத தூசி, விரல்ரேகை, பசைப் பளபளப்பு ஆகியவற்றைத் திருத்தக்கூடிய நிலையிலேயே கண்டுகொள்வார்.

காலத்தின் தோற்றம் வேண்டிப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவோர் வெறுமனே நிறத்தை நீக்குவதோடு நின்றுவிடலாகாது. அக்காலத்தில் வழங்கிய படச்சுருள்களுள் ஒருவகை சிவப்பொளியை உணராதது. அதில் ஸ்பிட்ஃபயரின் உடலிலுள்ள வட்டச் சின்னத்தின் மஞ்சள் வெளிவளையம் கருமையாகவும், நீலம் வெளிறியும் பதிவாகும். எல்லா நிறங்களையும் உணரும் மற்றொரு வகையில் மஞ்சள் வெளிர்ந்தே தெரியும். மாற்றும்போது நீலத் தடத்தை முதன்மையாகக் கொண்டால் முதல் வகையின் சாயலும், மூன்று தடங்களையும் கலந்தால் இரண்டாம் வகையின் சாயலும் கிடைக்கும். பின்பற்றும் மூலப் படத்தில் அவ்வளையம் எவ்வாறு தெரிகிறது என்பதை உற்றுநோக்கிய பின்னரே இவற்றுள் ஒன்றைத் தேர வேண்டும்.