காற்றில் மிதக்கும் கரம்: கல்லடித் தம்பிக்கு



நீ நேர்கோட்டு டோன் ஆம், அதாவது இசைத்தட்டு ஊசியை நேராக நகரவிடும் கரம், செய்யத் தொடங்கியது எனக்குப் பெரிய சந்தோசம். இசைத்தட்டின் மூலத் தகட்டை வெட்டும் ஊசி விளிம்பிலிருந்து மையத்துக்கு நேராகவே நகர்கிறது. நம் வீடுகளில் உள்ள சாதாரணக் கரமோ வில்லாக வளைந்து வருகிறது. தட்டில் இரண்டே இடங்களில்தான் அதன் கோணம் சரியாகப் பொருந்தும். அந்தப் பிழையை நீக்க நினைப்பது நியாயமான ஆசை.

டென்மார்க் பொறியாளர் போல் லாடெகார்டின் வழியையே பிடித்துக்கொள். சதுர அலுமினியக் குழாய் ஒன்றை, கூரை முகடுபோல் கூர் மேலே வரத் திருப்பு. மேலிரு பக்கங்களிலும் அரை மில்லிமீட்டர் அளவில் துளைகள் போட்டு உள்ளே காற்றைச் செலுத்தினால், மேலே கவிழ்த்த எல் வடிவத் துண்டு மிதக்கும். அதுதான் ஊசியைச் சுமக்கும் வண்டி. மீன்தொட்டிப் பம்பே போதும். ஆனால் அது காற்றைத் துடித்துத் துடித்துத் தள்ளும். இடையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கலன் வைத்தால் துடிப்பு அடங்கும்.

உராய்வு போனபின் சிறு சரிவும் பெரிய விசயம். 60 கிராம் வண்டி, 300 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சரிந்தால், பக்கவாட்டில் 0.2 கிராம் இழுக்கும். ஊசியின் அழுத்தமே 2 கிராம் அளவுதான். ரசமட்டத்தை மட்டும் நம்பாதே. காற்றை விட்டு, வண்டி எந்தப் பக்கம் நழுவுகிறதென்று பார். ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிஜிலிருந்து வரும் நான்கு வயர்களும் மயிரிழை போல மெல்லிசாக, தளர்ந்து தொங்கட்டும். வண்டி நிமிடத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் நகர்கிறது. அதை இழுத்துச் செல்வது வரிப்பள்ளத்தின் சுவர் மட்டுமே. விறைத்த வயர் அந்தச் சுவரைத்தான் தேய்க்கும்.

வண்டியின் எடையை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறை. நடுத்துளை விலகிய தட்டு, ஒவ்வொரு சுற்றிலும் முழு வண்டியையும் இடமும் வலமும் ஆட்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஊசி சமாளிக்கும். 78 சுற்றில் அதே விசை ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். அந்தக் காலத்து 78 சுற்று நாதஸ்வரத் தட்டுகளுக்குப் பழைய கரத்தையே வைத்துக்கொள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கல்லடியில் இருக்கும் உனக்கு உப்புக்காற்றுத்தான் முதல் எதிரி. அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்து நுண்துளைகளை அடைத்துவிடும். மாரியில் பம்பு இழுப்பதே ஈரக்காற்று. உறிஞ்சும் வாயில் பஞ்சு வை. கலனுக்கு முன்னால் சிலிக்கா ஜெல் போத்தல் ஒன்று வை. நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் மாற்று.

கரண்ட் போனால் பம்பு உடனே நின்றுவிடும், தட்டு இன்னும் சில சுற்று ஓடும். வண்டி தரைதட்ட, ஊசி வரியில் சிக்கிக்கொள்ளும். பம்பை யூபிஎஸ்ஸில் போடாமல் நல்ல தட்டைத் தொடாதே.

துளைகளின் அளவு, எண்ணிக்கை, வண்டியின் எடை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வை. நம் பக்கத்தில் அடுத்ததாக இதைச் செய்ய வருபவருக்கு அந்தக் கொப்பியை மறைக்காமல் கொடு.