பழைய எக்ஸ்டெண்டரும் புதிய ரௌட்டரும்

மின்னணுவியல் படிப்பவன் என்பதால் நண்பர்கள் அடிக்கடி என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “புதிய பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினோம், புதிய ரௌட்டர் கொடுத்தார்கள். முன்பு நன்றாக வேலை செய்த எக்ஸ்டெண்டர் இப்போது இணைய மறுக்கிறது. தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா?” இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூற இயலாது. செகந்திராபாத்தில், மாரேட்பள்ளியில் உள்ள என் பெரியப்பா வீட்டில் இக்கேள்வி எழுந்தபோது நான் ஒரு பெரும் பிழை செய்தேன். அதிலிருந்து கற்றதையே ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் எக்ஸ்டெண்டர் என்பது யாது என்று பார்ப்போம். ரௌட்டர் பரப்பும் வானொலி அலையை நடுவழியில் வாங்கி மீண்டும் பரப்பும் கருவியே அது. ரிப்பீட்டர் என்றும் சொல்வர். பெருங்கூட்டத்தில் முன்னே நிற்பவர் சொன்னதைப் பின்னே நிற்பவருக்குத் திருப்பிச் சொல்பவரைப் போன்றது. அவர் திருப்பிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவருக்குக் கேட்க வேண்டும். கேட்டது புரியவும் வேண்டும். ஆகவேதான் அலையே எட்டாத மூலையில் எக்ஸ்டெண்டரை மாட்டுவது பயனற்றது. ரௌட்டருக்கும் அந்த மூலைக்கும் நடுவே மாட்ட வேண்டும்.

ஒவ்வொரு ரௌட்டரும் நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை, ‘என் பெயர் இது, நான் அறிந்த முறைகள் இவை, என் பூட்டு இவ்வகை’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வறிவிப்பைக் கேட்டு, ஒத்துவந்தால் எக்ஸ்டெண்டர் இணையும், ஒத்துவராவிடில் இணையாது. இவ்வுடன்பாடு நான்கு இடங்களில் தவறலாம்.

1. அலைவரிசை

வைஃபைக்குரிய 802.11 என்னும் பொதுவிதி 1997இல் வெளிவந்தது. அதன் பின் 1999, 2003, 2009, 2013, 2021 என்று அது வளர்ந்துகொண்டே வந்தது. 2009ஆம் ஆண்டின் விதியை வைஃபை 4 என்றும், 2013ஆம் ஆண்டினதை வைஃபை 5 என்றும், 2021ஆம் ஆண்டினதை வைஃபை 6 என்றும் இன்று அழைக்கிறோம். புதியது பழையதோடு பேச வேண்டும் என்பது இவ்விதிகளை வகுத்தவர்கள் விடாது போற்றிய கொள்கை. ஆதலின் வைஃபை 6 ரௌட்டர், வைஃபை 4 எக்ஸ்டெண்டரை இயல்பாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் இருவரும் ஒரே அலைவரிசையில் சந்தித்தால்தான் பேச்சு.

இதற்கு நம் நகரிலேயே நல்ல உவமை உண்டு. செகந்திராபாத்திற்கு 1874இல் வந்த ரயில் பாதை அகலப்பாதை, 1676 மில்லிமீட்டர். காச்சிகுடாவிலிருந்து மன்மாடு சென்றதோ மீட்டர் பாதை, 1000 மில்லிமீட்டர். ஒரு பாதையின் பெட்டி மற்றொன்றில் ஓடாது. பயணிகள் இறங்கி ஏற வேண்டும். மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டும். பெட்டியில் குற்றமில்லை, தண்டவாளத்தின் அகலம் வேறு.

புதிய ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு பாதைகளை வைத்திருக்கின்றன. முன்னது சுவர்களைத் தாண்டி நெடுந்தூரம் செல்லும். பின்னது விரைவானது, ஆனால் இரண்டு சுவர்களுக்குள் களைத்துவிடும். பழைய எக்ஸ்டெண்டர்களுள் பல 2.4 மட்டுமே அறிந்தவை. ரௌட்டரில் யாரேனும் 2.4ஐ நிறுத்தி வைத்திருந்தால், எக்ஸ்டெண்டருக்கு அந்த ரௌட்டர் இல்லாததற்குச் சமம். இரண்டு பாதைகளுக்கும் ஒரே பெயர் சூட்டியிருப்பதாலும் சில பழைய கருவிகள் தடுமாறுகின்றன. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4க்குத் தனிப்பெயர் கொடுத்துவிட்டால் இச்சிக்கல் தீரும்.

2. பூட்டு

என் பிழை நேர்ந்தது இங்கேதான். பெரியப்பா வீடு பழைய வீடு, சுவர்கள் தடிமனானவை. முன்கூடத்தில் உள்ள ரௌட்டரின் அலை, நான் படிக்கும் பின்னறைக்கு எட்டாது. 2014இல் அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த எக்ஸ்டெண்டர்தான் இடைவழியில் நின்று உதவி வந்தது. புதிய ரௌட்டர் வந்ததும், உள்ளதில் உயர்ந்த பூட்டு எதுவோ அதுவே வேண்டும் என்று டபிள்யூ.பி.ஏ. 3 என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எக்ஸ்டெண்டர் இணைய மறுத்தது. இணைப்புத் தர வந்தவர், “பழசு சார், புதுசு வாங்குங்கள்” என்று சொல்லிப் போய்விட்டார். மறுநாள் எனக்குத் தேர்வு. அவசரத்தில் பூட்டையே எடுத்துவிட்டேன். எக்ஸ்டெண்டர் உடனே இணைந்தது. மகிழ்ச்சியில் பூட்டை மறந்தே போனேன்.

மூன்றாம் நாள் காலை பெரியப்பா கேட்டார்: “ஏண்டா, நம் காம்பவுண்டுச் சுவரில் நாலு பையன்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்களே, என்ன விசேஷம்?”

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பா அந்த இணைப்பில்தான் தம் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கிறார். வங்கித் தளங்கள் தமக்கெனத் தனிப் பூட்டு வைத்திருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் திறந்த இணைப்பில் யார் நுழைந்தாலும் அவர் வீட்டுக்குள் இருப்பவரே ஆகிறார். அதன் வழியே எவரோ ஒரு குற்றம் செய்தால், இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடமே முதல் விசாரணை வரும். சுவரில் இருந்தவர்கள் கிரிக்கெட் பார்த்த நல்ல பிள்ளைகள். எப்போதும் அப்படியே அமையும் என்று யார் உறுதி கூற முடியும்? நடந்ததைச் சொன்னேன். “பின்னறைக்கு விளக்குப் போட முன்வாசலைத் திறந்து போட்டாயா?” என்றார் பெரியப்பா. அதற்கு என்னிடம் விடையில்லை.

வைஃபையின் முதற்பூட்டு டபிள்யூ.இ.பி.; அதனை உடைக்கும் வழி 2001இலேயே வெளியாயிற்று. 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் டபிள்யூ.பி.ஏ. 2, 2018இல் டபிள்யூ.பி.ஏ. 3 என்பவை தொடர்ந்தன. 2014ஆம் ஆண்டின் எக்ஸ்டெண்டர் இரண்டாவது வகையையே அறியும். பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். முறைக்கும் மூன்றாவது வகையில் இடமில்லை. பலர் பொத்தானை அழுத்தி அழுத்திச் சலிப்பதன் காரணம் இதுவே. இதற்கு வழி, பூட்டை எடுப்பதன்று. ரௌட்டரில் ‘டபிள்யூ.பி.ஏ. 2/3’ என்னும் கலப்பு முறை உண்டு. அதில் புதிய போன்கள் புதிய பூட்டையும் பழைய கருவி பழைய பூட்டையும் பயன்படுத்தும். அருகிலேயே பி.எம்.எஃப். என்று ஓர் அமைப்பு இருந்தால் அது ‘கட்டாயம்’ என்று இராமல் ‘இயன்றால்’ என்று இருக்க வேண்டும். எக்ஸ்டெண்டர் தான் பரப்பும் பெயருக்கும் கடவுச்சொல் வைத்திருக்கிறதா என்று மறவாமல் பார்க்க வேண்டும்.

3. சேனல்

பூட்டுச் சிக்கல் தீர்ந்தபின் வேறொரு விந்தை தோன்றியது. சில நாள் எக்ஸ்டெண்டர் நன்றாக வேலை செய்யும். சில நாள் காலையில் ரௌட்டரே தென்படவில்லை என்று சொல்லும். அறுந்துபோகும் போதெல்லாம் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து குறித்துக்கொண்டு வந்தேன். அந்நாள்களில் ரௌட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருந்தது.

காரணம் விளங்கிற்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பல சேனல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் விற்கும் கருவிகளோ பெரும்பாலும் 11 வரையே அறிந்தவை. ரௌட்டர் தானாகவே நெரிசல் குறைந்த சேனலைத் தேடி 13க்குப் போனால், அண்ணன் கொண்டுவந்த கருவிக்கு அது செவிக்கெட்டாத குரலாகிவிடுகிறது. ‘தானியங்கி’ என்பதை மாற்றி 6 என்று நிலைநிறுத்தினேன்; அன்று முதல் இந்தத் தொல்லை இல்லை. 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அவற்றுள் ஒன்றைக் கொள்வது நன்று.

வீட்டுக்கு ஒருவர் அமெரிக்காவில் இருக்கும் ஐதராபாத்தில் இச்சிக்கல் பலருக்கு வரலாம். அத்தகைய கருவியைச் செருகும் முன் அதன் அடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 120 மட்டும் என்றிருந்தால் நம் மின்சாரம் அதனை எரித்துவிடும்.

4. பழைய நினைவு

எக்ஸ்டெண்டர் பழைய ரௌட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் மனத்தில் வைத்திருக்கும். புதிய ரௌட்டருக்கு அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்தால் பல வீடுகளில் எல்லாம் தாமே இணைந்துவிடும். சில கருவிகள் பழைய ரௌட்டரின் வன்பொருள் எண்ணையே பற்றிக்கொண்டிருக்கும்; சிலவற்றில் பழைய வலையமைப்பின் முகவரி நிலையாகப் பதிந்திருக்கும். அவற்றின் சிறு துளையில் ஊசியை நுழைத்துப் பத்து நொடி அழுத்தி, எல்லாவற்றையும் மறக்கச் செய்து, புதிதாக அமைப்பதே வழி.

இணைந்த பின்னர்

இணைந்துவிட்டது என்பதால் எல்லாம் முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே திருப்பிச் சொல்லும் கருவி, பாதி நேரம் கேட்பதிலும் பாதி நேரம் சொல்வதிலும் கழிக்கிறது. ஆகவே வேகம் பாதியாகக் குறையும். ஐதராபாத்திற்கு நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள வீட்டு இணைப்பு 2017இலேயே வந்துவிட்டது. அத்தகைய இணைப்பு வாங்கி, பின்னறையில் அதன் சிறு பகுதியே கிடைக்கிறது என்று வருந்துவோர் இக்காரணத்தை அறிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மேத்தி வான்ஹோஃப், டபிள்யூ.பி.ஏ. 2 பூட்டில் ஒரு குறையை வெளியிட்டார். அலைவழியே ரௌட்டரோடு இணையும் கருவிகளையே அது மிகுதியாகத் தாக்குவது. தயாரித்த நிறுவனம் அதன்பின் திருத்திய மென்பொருள் தந்திருந்தால் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் கருவிக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

இவ்விரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து கம்பி. ரௌட்டரிலிருந்து எக்ஸ்டெண்டருக்கு ஈதர்நெட் கம்பி இழுத்து, அதனை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்னும் நிலையில் வைத்தால், அது அலையில் கேட்க வேண்டியதில்லை. சொல்வது மட்டுமே வேலை. வேகம் பாதியாவதும் இல்லை; மேற்கண்ட தாக்குதலுக்குப் பெரிதும் இடமும் இல்லை. 100 மீட்டர் வரை கம்பி இழுக்கலாம். பழைய கருவிகளின் துளை பெரும்பாலும் நொடிக்கு 100 மெகாபிட் அளவுடையது. ஒரு மாணவனுக்கு அது தாராளம். இன்று பெரியப்பா வீட்டின் கூடத்து ஓரமாக அக்கம்பி செல்கிறது. கருவி அதே 2014ஆம் ஆண்டுக் கருவிதான்.

எப்போது கைவிடுவது? டபிள்யூ.பி.ஏ. 2 பூட்டே அறியாத கருவியையும், திருத்தமும் இல்லாமல் கம்பித் துளையும் இல்லாமல் இருக்கும் கருவியையும் கைவிடலாம். புதிதாக வாங்கும்போது, ஒரு நிறுவனத்தின் மெஷ் கருவி பிறிதொரு நிறுவனத்தின் ரௌட்டரோடு முழுமையாகச் சேராது என்பதை நினைவில் கொள்க. 2018இல் வந்த ‘ஈசிமெஷ்’ என்னும் பொதுவிதியை இரண்டும் ஏற்றிருந்தால் சேரும். பழையதைக் குப்பையில் போடாமல், கடவுச்சொல்லை அழித்துவிட்டு, மின்னணுக் கழிவு பெறும் பதிவு பெற்ற இடத்தில் சேர்ப்பதே முறை.

நண்பர்களே! கருவி பழையது என்பது ஒரு விடையன்று. அலைவரிசையா, பூட்டா, சேனலா, பழைய நினைவா என்று வரிசையாகக் கேளுங்கள்; பெரும்பாலும் பணச் செலவின்றி வழி பிறக்கும். இவற்றுள் மூன்றில் நாம் பழைய கருவிக்காக விட்டுக்கொடுக்கலாம். பூட்டில் மட்டும் அளவறிந்தே விட்டுக்கொடுக்க வேண்டும். ஏனெனில் அறை நம்முடையதாயினும், வாசல் வீட்டில் உள்ள அனைவருக்கும் உரியது.